பக்கவாதம் திடீரென்று வருவதில்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஒரு இருபது நிமிஷம் பேசுங்க டாக்டர், உடம்பைப் பத்தி ஏதாவது சொல்லுங்க, ஆனா பயமுறுத்திடாதீங்க" என்று செயலாளர் அன்போடு கேட்டுக்கொண்டார். பயமுறுத்தும் எண்ணம் எனக்கில்லை. ஒரு கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020-ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் அரசு ஓர் ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று அதில் தெரிந்தது. அப்படி அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே. இந்த மண்டபத்தில் உங்கள் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், நடுவில் நீங்கள். மூவரில் ஒருவர் யார் என்பதைக் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

இன்று நான் பேச வந்தது பக்கவாதத்தைப் பற்றி. "நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு கை கால் இழுத்துக்கிச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தத் 'திடீர்' என்ற சொல்லைத்தான் உங்களிடமிருந்து இன்று வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறேன். பக்கவாதம் பத்து வருடம், இருபது வருடம் சத்தமில்லாமல் தயாராகிற ஒரு நோய். அந்த இருபது வருடமும் நம் கையில் இருக்கிற காலம்.

குழாயும் மோட்டாரும்

நம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது மிகவும் சுலபம். சொட்டு நீர்க் குழாய் போட்டிருப்பார்கள். மோட்டார் அழுத்தம் அளவோடு இருக்கும் வரை குழாய் பல வருடம் உழைக்கும். அழுத்தம் கூடினால் முதலில் இணைப்புகள் கசியும், பிறகு ஏதோ ஓரிடத்தில் வெடிக்கும். உப்புத் தண்ணீராக இருந்தால் உள்ளே படிவு கட்டி, சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். அந்த வரிசைக் கரும்பு மட்டும் காயும்.

மூளையிலும் இதேதான் நடக்கிறது. நம் உடம்பின் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுபோகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு வகைப் பக்கவாதம். வெடித்துக் கசிந்தால் இன்னொரு வகை. நூறு பேரில் ஏறக்குறைய 80 பேருக்கு வருவது அடைப்பு. மீதிப் பேருக்குக் கசிவு. இரண்டுக்குமே முதல் காரணம் ஒன்றுதான்: பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம்.

இந்தியா உட்பட 32 நாடுகளில் பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பக்கவாதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்று அது காட்டியது. ரத்த அழுத்தம், உடல் உழைப்புக் குறைவு, ரத்தக் கொழுப்பு, உணவு, தொப்பை, மன உளைச்சல், புகை, மது, சர்க்கரை, இதய நோய் என்பவை அந்தப் பத்து. இவற்றில் அழுத்தம் மட்டுமே கிட்டத்தட்டப் பாதிப் பங்கு. "தலையெழுத்து டாக்டர்" என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். தலையெழுத்துக்கு விட்டது பத்தில் ஒன்று.

ஜனாதிபதிக்குக் கிடைக்காத மாத்திரை

ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். சரித்திரம் படித்தவர்களுக்கு பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைத் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஜனாதிபதி. 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஒருவர் அவரைப் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108. இன்றைக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த எண்ணைப் பார்த்தால் அன்றைக்கே மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அன்று கொடுக்க மாத்திரை இல்லை. வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதைக் குறைப்பதே ஆபத்து என்று நினைத்த மருத்துவர்கள் அந்தக் காலத்தில் பலர். உப்பைக் குறைத்தார்கள், சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று, "பின்மண்டையில் தாங்க முடியாத வலி" என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளைக்குள் ரத்தக் கசிவு. அன்றே இறந்தார். வயது 63.

உலகத்தின் செல்வாக்கு மிக்க மனிதருக்கு அன்று கிடைக்காத மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? முதல் மருந்துகளில் ஒன்று நம் நாட்டிலிருந்தே போனது. சர்ப்பகந்தா என்னும் மூலிகை வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். மேல்நாட்டு மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ மருந்துகள்.

அந்த மருந்தைக் கொண்டு நம் தமிழ்நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. சென்னைச் சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணியும் அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்டும் 1990-களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கம். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் மூளையைக் கெடுப்பதும் அதே அழுத்தமும் சர்க்கரையும்தான். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு பி.பி. பார்க்கவும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யவும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். கொடுத்த மருந்துகள் ரெசர்பின் போன்ற மலிவான பழைய மருந்துகள்தான். தொடர்ந்து சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், பெரிய படிப்பு வேண்டாம், விடாமல் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் நிரூபித்தார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இதே வழியில்தான், மகளிர் தன்னார்வலர்கள் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே!"

இவ்வளவு வசதி வந்த பிறகும் ஏன் நூற்றுக்கு ஏழு பேர்? காரணம் நம் வாயில் இருக்கிறது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே சார், நான் எதுக்கு மாத்திரை போடணும்?" அழுத்தம் கூடினால் தலை சுற்றும், பின்கழுத்து வலிக்கும், கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. 180 இருக்கும்போதே மூட்டை தூக்கிக்கொண்டு நடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, "ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?" கண்ணாடி போடுகிறோம். போட்டால் பார்வை தெரிகிறது, கழற்றினால் மங்குகிறது. கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. மாத்திரையும் அப்படித்தான். எடை குறைந்து, உப்புக் குறைந்து, நடை கூடினால் மாத்திரையின் அளவைக் குறைக்கவும் சிலருக்கு நிறுத்தவும் முடியும். அதை மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. "பார்த்தேன், நார்மல்னு வந்துச்சு, நிறுத்திட்டேன்." மாத்திரை வேலை செய்ததால்தான் நார்மல் என்று வந்தது. நான் பார்த்த ஒருவர், மரவள்ளி பயிரிடும் விவசாயி, வயது ஐம்பதைத் தாண்டியவர். அழுத்தம் 130-க்கு வந்ததும் நிறுத்திவிட்டார். எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார். ஒரு நாள் விடியற்காலை மோட்டார் போட ஸ்விட்சைத் தொட்டார். கை சொன்னபடி கேட்கவில்லை. உயிர் பிழைத்தார். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. அவர் மகன் அப்போது பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டுக்கு அவன் கல்லூரிக்குப் போகவில்லை. மரவள்ளிக் காட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே! பக்கவாதம் ஒருவரைத்தான் படுக்க வைக்கிறது என்று நினைக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் எத்தனையோ பேரின் படிப்பு, ஊரில் இருக்கும் ஓர் அப்பாவின் அல்லது அம்மாவின் ரத்த அழுத்தத்தை நம்பித்தான் நிற்கிறது.

மேல் எண்ணை 10 புள்ளி குறைத்தாலே பக்கவாத ஆபத்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சின்ன மாத்திரையும் ஒரு கரண்டி உப்பும் சேர்ந்து அந்தப் பத்தைக் குறைத்துவிடும்.

ஒரு கிலோ உப்பு எத்தனை நாள்?

உப்பைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை வரும். ஆனாலும் பேசியாக வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன். இதை வைத்து ஒரு வீட்டுக் கணக்குப் போடலாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று இன்று போனதும் கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், பேருந்து நிலையத்தில் வாங்கும் மிக்சர், ஹாஸ்டல் அறையில் தின்னும் சிப்ஸ் என்று பாக்கெட்டுக்குள் வராத உப்பு எவ்வளவோ இருக்கிறது.

"நாங்க கல்லுப்புதான் சார், அது ஒண்ணும் பண்ணாது", "நான் இந்துப்புக்கு மாறிட்டேன்" என்றும் சொல்வார்கள். கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பெயர் மாறினால் அழுத்தம் ஏமாறாது.

சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஐந்தாண்டுகள் ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும், அழுத்தம் உள்ள முதியவர்களும்தான் அதில் இருந்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களுக்கு, கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு. 2021-இல் முடிவு வெளியானது. உப்பு மாறிய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவிகிதம் குறைந்தது. சமையலில் வேறு ஒன்றையும் மாற்றவில்லை. அந்த உப்பு சிறுநீரக நோயாளிகளுக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது; மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஆனால் பொட்டாசியத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கீரை, வாழைப்பழம், பயறு, இளநீர் எல்லாவற்றிலும் இருக்கிறது. குழம்பில் ஒரு கை உப்பைக் குறைத்து, புளியும் மிளகும் கொத்தமல்லியும் கூட்டினால் மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

மலையிலிருந்து வந்த மாணவர்களுக்கு

கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா பாட்டி சாமையும் தினையும் கேழ்வரகும் சாப்பிட்டார்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மலை ஏறி இறங்கி நடந்தார்கள். இன்று மலையிலும் அரிசிச் சோறு, மலையிலும் டூ வீலர், மலைக் கடையிலும் பாக்கெட் தீனி. வேலை தேடி வெளியூர் போய் வருகிறவர்கள் புகையிலைப் பழக்கத்தையும் குடியையும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். தானியம் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. நடையும் சேர்ந்து மாறிவிட்டது. ரோடு வந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. ரோடு இல்லாத காலத்தில் பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய கஷ்டம் மலைக்காரர்களுக்குத்தான் தெரியும். ஆனால் நடை குறைந்த கணக்கை வேறு எங்காவது ஈடு செய்ய வேண்டும். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், நாளுக்கு அரை மணி.

மலைக்காரர்களுக்கு வருமுன் காப்பது ஏன் இன்னும் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம் நேரம். அடைப்பினால் வரும் பக்கவாதத்துக்கு அடைப்பைக் கரைக்கும் ஊசி உண்டு. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவு உள்ளவருக்கு அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்திலும் சராசரியாக 19 லட்சம் மூளைச் செல்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முன்பு இந்தப் பக்கத்து மக்கள் இதற்காகச் சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஓடினார்கள். கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தூரம் குறைந்திருக்கிறது. ஆனாலும் மலையின் உள்ளூர் ஒன்றிலிருந்து வெள்ளிமலை வந்து, வளைவெல்லாம் இறங்கிக் கச்சிராயபாளையம் தாண்டி வருவதற்குள் கடிகாரம் நமக்காக நிற்காது. ஊசி தாமதமாகலாம். பி.பி. பார்ப்பதைத் தாமதமாக்க ஒரு காரணமும் இல்லை.

முகம், கை, பேச்சு, நேரம்

வந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: முகம், கை, பேச்சு, நேரம். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு கை தொங்குகிறதா? பேர் கேளுங்கள், பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி.

அந்த நேரத்தில் தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குப் போய்விடும். புறா ரத்தம் தேய்க்கிறேன், எண்ணெய் போடுகிறவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் நாலரை மணி நேரமும் வழியிலேயே போய்விடும். கை மரத்தது, பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது என்றால் "போயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அது பெரிய பக்கவாதத்துக்கு முன் வரும் எச்சரிக்கை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"எங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?"

பின்வரிசைத் தம்பிகள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். உங்களுக்கும் உண்டு. இருபது வயதில் உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலமும், டீக்கடைக்குப் பின்னால் இழுக்கும் சிகரெட்டும்தான் நாற்பத்தைந்து வயதுப் பக்கவாதத்தின் முதல் அத்தியாயம். நல்ல செய்தி என்னவென்றால், நிறுத்தியவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே ஆபத்து பெருமளவு குறைந்துவிடுகிறது. மதுவைப் பற்றி இந்த ஊரில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறக்கவில்லை. அது சில நாட்களில் கொன்றது, செய்தியானது. கடையில் வாங்கிக் குடிப்பது அழுத்தத்தை ஏற்றி, இருபது வருடத்தில் கொல்கிறது, அது செய்தியாவதில்லை.

சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு இதய வால்வு கெட்டிருக்கலாம். அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் இருபத்தைந்து வயதிலும் பக்கவாதம் வரும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருந்தால் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். தங்கைகளுக்கும் ஒன்று: பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அப்போது ரத்தம் ஏற்கெனவே சுலபமாக உறையும் நிலையில் இருக்கும். தண்ணீரும் குறைந்தால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. பிரசவமான பெண்ணுக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். கடுமையான தலைவலியோ வலிப்போ வந்தால் "காத்து கருப்பு" என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்

நிறைவாக, சங்கத்திடம் உரிமையோடு மூன்று கேட்கிறேன்.

முதலாவது, ஆண்டுதோறும் சந்திப்பு நடக்கும்போது பெயர் பதிவு செய்யும் மேஜைக்குப் பக்கத்தில் பி.பி. பார்க்க ஒரு மேஜை போடுங்கள். பெயர் அட்டையை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். காப்பி அதற்குப் பிறகு. 140/90-க்கு மேல் வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும்; அப்போதும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமை மலைக் கிராமங்களில் நடத்தும்போது, மரம் நடுவதோடு முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பி.பி. பார்த்துக் குறிப்பெழுதி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். பி.பி. பார்க்க எம்.பி.பி.எஸ். வேண்டாம் என்பதைத்தான் சென்னைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் காட்டினார்களே!

மூன்றாவது, சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் நண்பர்களுக்கு. அம்மாவுக்குப் புடவை வாங்கி அனுப்புகிறீர்கள், சந்தோஷம். இந்தப் பொங்கலுக்கு ஒரு பி.பி. கருவியும் வாங்கி அனுப்புங்கள். ஒரு நல்ல மிக்சியின் விலைகூட இருக்காது. பக்கத்து வீட்டில் படிக்கிற ஒரு பிள்ளையைப் பழக்கி, வாரம் ஒரு முறை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். போனில் "சாப்டீங்களா?" என்று கேட்டவுடன், "இந்த வாரம் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். மாணவர்களே, நீங்கள் போன் செய்ய வேண்டியதில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள். அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். நிறுத்திய மாத்திரை அலமாரியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லாமல் கிடைக்கிறது. போய் வாங்கி, விடாமல் சாப்பிட வேண்டியது ஒன்றுதான் நம் வேலை. அடுத்த சந்திப்புக்கும், அதற்கு அடுத்த சந்திப்புக்கும் நாம் எல்லோரும் நம் காலால் நடந்து வந்து, நம் வாயால் ஒருவரையொருவர் பழைய பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.